தண்டவாளம் போனாலும் தடம் இருக்கிறது

கேள்வி: கைவிடப்பட்ட ரயில் பாதைகளை நடப்பதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்கும் உரிய தடங்களாக மாற்றுகிறார்கள். மலைப்பாங்கான நாட்டுப்புறத்தில்கூட, அதிகம் பழகாதவர்களுக்கும் அவை ஏற்றவை என்பது எப்படி?

பதில்: ரயிலின் பலவீனமே அதற்குக் காரணம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. செங்குத்தான ஏற்றத்தில் அது வழுக்கிவிடும் என்பதால், அன்றைய பொறியாளர்கள் குன்றை வெட்டியும், பள்ளத்தில் மண்மேடு எழுப்பியும், வேறு வழியில்லாத இடத்தில் சுரங்கம் குடைந்தும், பாதை பெரும்பாலும் நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொண்டார்கள். அந்த உழைப்பின் பலனை இன்று நம் முழங்கால்கள் அனுபவிக்கின்றன.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் 1990இல் மூடப்பட்ட ரயில் பாதை, 2000ஆம் ஆண்டு முதல் 152 கிலோமீட்டர் நீளமுள்ள தடமாக இயங்குகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா ஊர்களை இணைக்கும் தடத்தில் மூன்று சுரங்கங்கள் உள்ளன. அவற்றுள் மிக நீளமானது ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். உள்ளே இருட்டாக இருப்பதோடு நீரும் சொட்டுவதால், அங்கே சைக்கிளிலிருந்து இறங்கி, கைவிளக்குடன் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

சரிவு குறைவென்பதால் களைப்பே இராது என்று எண்ண வேண்டாம். இறக்கம் குறைவாக இருப்பதால் மிதிக்காமல் உருண்டு செல்லும் ஓய்வும் குறைவு. பல தடங்களில் பொடிக்கல்லே பரப்பப்பட்டிருக்கும். ஆகவே மெல்லிய டயரைவிட அகலமான டயரே நல்லது.