மூன்றாம் வகுப்பு முடிந்ததும் வீட்டுக் கல்வியா, ஊர் அரசுப் பள்ளியா? கருங்கல் அம்மாவுக்கு ஒரு பதில்

மூன்றாம் வகுப்பு முடிக்கும் மகனை இப்போதைய பள்ளியை விட்டு எடுத்து வீட்டிலேயே படிப்பிக்கலாமா, ஊர் அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். காலை ஏழு மணிக்கு வேன். மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டிப் பள்ளிக்கூடம். வீடு திரும்ப நாலரை, ஐந்தரைக்கு டியூஷன். எட்டு வயதுப் பையன் திங்கட்கிழமைதோறும் வயிறு வலிக்கிறது என்று சொல்வதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? அதே பையன் பாட்டாவின் தேன்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் கேள்வி கேட்கிறான் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குப் படிப்பு கசந்துவிட்டது என்று நான் நம்பமாட்டேன். ஆகவே இந்தப் பள்ளியை விட்டு எடுப்பது என்ற உங்கள் முடிவில் எனக்கு மறுப்பில்லை. எடுத்து எங்கே விடுவது என்பதில்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம், ஏனென்றால் உங்கள் கணவர் சவூதியிலிருந்து கேட்டது அதைத்தான். 2009 கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் சொல்லவில்லை. கடும் மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் வீட்டில் படிக்கும் உரிமையை 2012 திருத்தம் வெளிப்படையாகத் தருகிறது. மற்றவர்கள் வீட்டில் படிப்பிக்கிறார்கள், யாரும் கைது செய்வதில்லை. ஆனால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வரும் ஆசிரியர் உங்கள் வாசலிலும் நிற்பார். அவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

சட்டத்தைவிடப் பெரிய கேள்வி, காலை பத்து மணிக்கு அவனோடு யார் உட்காருவது? தையல் வேலை எடுத்துச் செய்கிறீர்கள், மாமியாருக்கு மருந்து நேரம் பார்க்கிறீர்கள், ரேஷன் கடை, பேங்க் எல்லாம் நீங்கள்தான். யூடியூபில் நீங்கள் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவர் முழுநேரமும் இதற்கென்றே இருப்பார். உங்கள் வீட்டில் அது நடக்காது. இரண்டு மாதத்தில் கையில் போன், பக்கத்தில் ஒரு கணக்கு ஆப் என்று முடிந்துவிடும். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆள் இருக்கும் வீடென்றால் நானே ஒரு வருடம் முயன்று பாருங்கள் என்பேன். திரும்பி வர வழியும் இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் மறுக்கக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

அப்புறம் நீங்கள் கேட்ட திறந்தநிலைப் பள்ளி, அதாவது பள்ளிக்குத் தினமும் போகாமல் படித்துத் தேர்வெழுதும் வழி. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (NIOS) 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஐந்து பாடம் போதும். பதிவு ஐந்து வருடம் செல்லும், அதற்குள் பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதிக்கொள்ளலாம். சான்றிதழ் செல்லாது என்று உறவினர் சொன்னது தவறு. ஆனால் சுலபமாக இருக்கட்டும் என்று பன்னிரண்டில் ஓவியமும் மனையியலும் எடுத்துவிட்டுப் பிறகு பொறியியல் கேட்டால் கிடைக்காது, கணிதமும் இயற்பியலும் வேண்டும். பாடம் எடுக்கும்போதே கல்லூரியை யோசிக்க வேண்டும்.

என் யோசனை: ஐந்தாம் வகுப்பு வரை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பள்ளி, ஆறாம் வகுப்பிலிருந்து கட்டாயம் அரசுப் பள்ளி. ஆறு என்று ஏன் கோடு போடுகிறேன் என்றால், தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 2020லும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021லும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. ஏழாம் வகுப்பில் ஒரு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தால் அந்த வரிசை அறுந்துபோகும், பிறகு ஒட்டவைக்க முடியாது. நாலிலும் ஐந்திலும் செய்யும் சோதனைக்கு அந்த விலை இல்லை.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதில் ஒரு குழப்பம் உண்டு. இங்கே எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மிஷன் பள்ளியோ சமுதாயப் பள்ளியோ இருக்கும். சம்பளம் அரசு தருகிறது, புத்தகம் அரசு தருகிறது, அதனால் ‘சர்க்கார் பள்ளி மாதிரிதான்’ என்று நினைத்துவிடுகிறோம். அவை அரசு உதவிபெறும் பள்ளிகள். 7.5 சதவீதம் அவற்றுக்குக் கிடையாது. பல பள்ளிகள் அருமையாக நடக்கின்றன, 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே நம் மாவட்டம் முதலிடம் வந்ததில் அவற்றுக்குப் பெரிய பங்குண்டு. இருந்தாலும் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்குப் போகும்போது பெயர்ப்பலகையில் ‘அரசு’ என்று இருக்கிறதா, ‘அரசு உதவிபெறும்’ என்று இருக்கிறதா என்று நின்று படியுங்கள்.

சேர்ப்பதற்கு முன் ஒரு சாதாரண வேலைநாளில் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள், விழா நாளில் வேண்டாம். பத்தரை மணி வாக்கில் போனால் சரியாக இருக்கும். ஐந்து வகுப்புக்கு எத்தனை ஆசிரியர் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டே பேர் என்றால் யார் எந்த வகுப்பைச் சேர்த்து எடுக்கிறார் என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கட்டுரை நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். சிவப்பு மையில் வெறும் டிக் மட்டும் இருக்கிறதா, தப்பைத் திருத்தி அவள் மறுபடி எழுதியிருக்கிறாளா என்பது அதில் தெரியும். நூலகப் புத்தகங்கள் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றனவா, பிள்ளைகள் கையில் இருக்கின்றனவா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? தலைமையாசிரியர் கோபப்பட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

இங்கிலீஷ் போய்விடுமே என்று கவலைப்படுகிறீர்கள். அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலவழிப் பிரிவும் இருக்கிறது, விசாரியுங்கள். நான் தமிழ்வழியைத்தான் சொல்வேன். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி இல்லாததால் அரசு வேலையில் அதற்குள்ள 20 சதவீத முன்னுரிமை இவனுக்குக் கிடைக்காது, அது உண்மை. ஆனாலும் தேனீ பற்றித் தமிழில் கேள்வி கேட்கிற பிள்ளை முதலில் தமிழில் எழுதப் பழகட்டும்.

வாசிப்பில் மட்டும் தடுமாறுகிறான் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில், இப்படித் தடுமாறும் பிள்ளைகளைக் கவனிக்கச் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், புதுப் பள்ளியின் தலைமையாசிரியர் வழியாகக் கேட்டு அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கணவர் லீவில் வருவது மே மாதம் என்றால், சேர்க்கைக்கு முன்பே அவரையும் ஒருநாள் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். டியூஷனை இந்த வாரமே நிறுத்திவிடலாம்.