வாங்கியவர் கேள்வி: ஒரு ஆல்பம், ஐந்து வயிற்றெரிச்சல்

இந்த வாரக் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே சங்கதி: இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த ஸ்கைகிளாட் குழு 1991-இல் வெளியிட்ட முதல் ஆல்பம், ‘தி வேவர்டு சன்ஸ் ஆஃப் மதர் எர்த்’. த்ராஷ் மெட்டல் என்ற அதிவேக, முரட்டு கிட்டார் இசையில் நாட்டுப்புற இசையைக் கலந்த முன்னோடி என்று பெயர் வாங்கிவிட்டதால், பழைய பிரதிக்கு விற்பவர் வைத்ததுதான் விலை.

கேள்வி: ‘ஃபோக் மெட்டல்’ என்றார்கள். வாங்கிக் கேட்டால் பெரும்பாலும் வெறும் த்ராஷ். வயலின் எங்கே? திருப்பிக் கொடுக்கலாமா? (கோவை)

பதில்: முடியாது. பிடிக்கவில்லை என்பது பொருளின் குறை அல்ல. அந்த ஆல்பத்தில் வயலின் துள்ளி விளையாடுவது ‘தி விடர்ஷின்ஸ் ஜிக்’ பாட்டில். அத்தனை பெயருக்கும் அதுதான் காரணம். வயலின் வாசிக்க ஃப்ரித்தா ஜென்கின்ஸ் என்ற பெண் குழுவிலேயே சேர்ந்துகொண்டது 1992-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில். ஒரு பாட்டையாவது கேட்டுப் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டு என்னிடம் வந்தால் நான் என்ன செய்ய?

கேள்வி: ஸ்கைகிளாட் பாடகர் மார்ட்டின் வாக்கியர் முன்பு பாடிய ‘சபாட்’ குழுவின் சிடி வாங்கினேன். குரல் வேறு மாதிரி இருக்கிறது. அட்டையில் ஜப்பானியப் பெயர்கள். போலியா? (திருச்சி)

பதில்: அசல்தான். ஜப்பானிலும் அதே பெயரில் ஒரு சபாட் உண்டு, நீங்கள் வாங்கியது அவர்களுடையது. வாக்கியர் பாடியது இங்கிலாந்து சபாட்டில்.

கேள்வி: ‘1991 முதல் பதிப்பு’ என்று ஆன்லைன் சந்தையில் போட்டிருந்தார்கள். வந்தது புது மறுபதிப்பு எல்பி இசைத்தட்டு. ‘விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை’ என்கிறார் சென்னைக் கடைக்காரர். (மதுரை)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று ஆன்லைன் சந்தையில் விற்பவர் சொல்லவே கூடாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

எனக்கு எரிகிற இடம் விற்பவர்கள் விளம்பரத்தில் போடும் புகைப்பட விவகாரம். கையில் இருப்பதைப் படம் எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனாலும் இணையத்தில் கிடைத்த பளபளப்பான அட்டைப் படத்தைப் போட்டு ‘அரியது’, ‘அசல்’ என்று எழுதிவிடுகிறார்கள். நான் கேட்பது மூன்று படம்: பின்னட்டையின் அடியில் பொடி எழுத்தில் உள்ள ஆண்டு, தட்டின் நடு லேபிள், லேபிளைச் சுற்றிப் பாட்டு இல்லாத வழவழப்பான வளையத்தில் கீறியிருக்கும் எண். முதல் பதிப்பு எது, மறுபதிப்பு எது என்று அந்த எண்ணை ஒப்பிட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சிடி என்றால் அடிப்பக்கப் படமும் வேண்டும். தொழிற்சாலையில் அச்சானது வெள்ளியாக மின்னும். பச்சையோ ஊதாவோ அடித்தால் கம்ப்யூட்டரில் நகல் எடுத்தது. ‘சீல் பிரிக்காதது’ என்று நல்ல விலை கொடுத்து நான் வாங்கிய ஒரு த்ராஷ் சிடி அப்படித்தான் பச்சையாகச் சிரித்தது. படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: சூட்கேஸ் மாடல் ரெக்கார்டு பிளேயரில் ஊசி குதிக்கிறது. மெட்டல் இசை என்பதாலா? (சேலம்)

பதில்: இல்லை, பிளேயர் மலிவு என்பதால். அவற்றில் பலவற்றின் ஊசி, நல்ல பிளேயரின் ஊசியைவிட இரண்டு மூன்று மடங்கு அழுத்தும். விலையுயர்ந்த தட்டை அதில் போடாதீர்கள். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, மேலே பூந்தொட்டி.

கேள்வி: ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பினால் வரி வராது என்றார் ஜெர்மனி விற்பனையாளர். பார்சல் சுங்கத்தில் நிற்கிறது. (நெல்லை)

பதில்: வெளிநாட்டுப் பரிசுப் பார்சலுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. காசு கொடுத்து வாங்கியதைப் பரிசு என்பதும் பொய். பில்லைக் காட்டி வரியைக் கட்டி எடுத்து வாருங்கள்.