வயலை ஈடு வைக்க வேண்டாம், பிள்ளையை இலையோடு விடுங்கள்

பூநகரியிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு மகளை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளை உயர்தரத்தில் பயோ, அதாவது உயிரியல் பிரிவு. இரண்டாம் தடவை எழுதியும் மெடிசினுக்கு இசட் புள்ளி, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி, போதவில்லை. கனடாவில் இருக்கிற மாமா வட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருக்கிறார்: “வயலை ஈடு வைச்சாவது வெளிநாட்டில எம்.பி.பி.எஸ். படிக்க விடுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்.” மிச்சம் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. சித்திக்கோ மூன்றாம் தடவையில் கட்டாயம் வரும் என்ற நம்பிக்கை.

யோசிக்காதீர்கள், வழி இருக்கிறது என்றுதான் நானும் தொடங்கினேன். ஆனால் காசுக் கணக்கைக் கேட்ட பிறகு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை.

அந்தக் குடும்பத்துக்கு வருமானம் என்று இருப்பது அந்த வயல் மட்டும்தான். வெளிநாட்டு மருத்துவப் படிப்பு ஐந்தாறு வருடம் இழுக்கும், செலவெல்லாம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். அப்போது பாதிப் படிப்பில் பிள்ளையை வைத்திருந்த பெற்றோரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சரி, படித்து முடித்தாலும் இங்கே வந்தவுடன் ஊசி எடுக்க விடமாட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவச் சபை ஏற்றிருக்க வேண்டும், வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், அதற்கும் பிறகுதான் பயிற்சிக்காலம். முதலில் வயல் போகும், பரீட்சை பிறகு வரும். இந்த ஒழுங்குக்கு நான் ஒருபோதும் உடன்படமாட்டேன்.

மூன்றாம் தடவை எழுதுவதற்கு விதியில் இடம் உண்டு. பிள்ளைக்கு ஆசை இருந்தால் நானே எழுதச் சொல்வேன். இந்தப் பிள்ளைக்கு இல்லை. கேட்கிற எதற்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவள், தாய் ஒரு குறை சொன்னபோதுதான் வாயைத் திறந்தாள். “வீட்டில இருக்கிற கியூடெக்ஸ் எல்லாத்தையும் இலைக்குப் பூசி முடிக்கிறாள் ஐயா” என்பதுதான் குறை.

அவள் பையிலிருந்த கொப்பியை வாங்கிப் பார்த்தேன். இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத கியூடெக்ஸை, நகத்துக்குப் பூசுகிற அதையேதான், மெல்லியதாகப் பூசி, காய்ந்ததும் செலோரேப்பால் உரித்து, கண்ணாடித் தட்டில் ஒட்டி, பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைந்திருக்கிறாள். பயிற்றங்காய் இலையில் இலைவாய்கள், அதாவது காற்றும் நீராவியும் போய்வருகிற நுண்துளைகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. நெல்லிலையில் வரிசை கட்டி நிற்கின்றன. பக்கத்தில் எண்ணிக்கையும் உண்டு. கடைசியில் ஒரு கேள்வி: “ஏன் இரண்டு இலைவாய் ஒட்டிக்கொண்டு வருவதில்லை?”

இந்தக் கேள்வியோடு உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்கள் பல வருடங்களாக மினக்கெடுகின்றன. பெற்றோருக்கு அதைத்தான் விளக்கினேன், இங்கேயும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இளம் இலையின் மேற்றோலில் கலங்கள் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரி. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அரபிடொப்சிஸில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்பீச்லெஸ் என்ற புரதம் செயற்பட்டால் ஒரு கலம் சமமில்லாமல் இரண்டாகப் பிரிகிறது, சிறியது ஒன்று, பெரியது ஒன்று. சிறியது இன்னும் சில தடவை பிரிந்த பிறகு மியூட் என்ற புரதம் அதை நிறுத்தி அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகிறது. கடைசிச் சமப்பிரிவில் இலைவாயைத் திறந்து மூடுகிற இரண்டு காவற்கலங்கள் உருவாக, அவற்றை முழுமையாக்குவது ஃபாமா என்ற புரதம். 2006, 2007 அளவில் டொமினிக் பேர்க்மன், கெய்கோ டோரி ஆகியோரின் குழுக்கள் கண்டறிந்தவை இவை. இருவரும் பெண்கள் என்பதைத் தாய்க்கு அழுத்திச் சொன்னேன்.

பிள்ளையின் கேள்விக்கான பதில், கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தியில் இருக்கிறது. இலைவாயாகப் போகிற கலம் ஈபிஎஃப்2 என்ற சிறு புரதத்தை வெளியே விடுகிறது, பிந்திய கட்டத்தில் ஈபிஎஃப்1ஐ. பக்கத்துக் கலத்தின் மேற்பரப்பில் எரெக்டா, டிஎம்எம் என்ற வாங்கிகள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. உடனே உள்ளே யோடா என்ற நொதியம் தொடங்கி வைக்க, ஒரு நொதியம் அடுத்ததற்குப் பொசுபேற்று என்ற சிறு வேதிக் கூறை ஏற்றி ஏற்றி, கடைசி நொதியம் ஸ்பீச்லெஸ் மீதே ஏற்றிவிடுகிறது. ஸ்பீச்லெஸ் நிலைக்காமல் அழிந்துபோகிறது, பக்கத்துக் கலம் இலைவாயாகாமல் நின்றுவிடுகிறது. நான் கிணறு வெட்டுகிறேன், நீ உன் காணியில் வெட்டாதே என்று அயலவனுக்குச் சொல்லி வைப்பது போல. இரண்டு இலைவாய்கள் முட்டிக்கொண்டு நின்றால் காவற்கலங்கள் ஒழுங்காகத் திறந்து மூட இடமிராது.

இதற்கு எதிரான செய்தியும் உண்டு. இலையின் உள்ளே உணவு தயாரிக்கிற பச்சைக் கலங்கள் ஸ்டோமாஜென் என்ற இன்னொரு சிறு புரதத்தை மேற்றோலுக்கு அனுப்புகின்றன. அது அதே எரெக்டாவில் போய்க் குந்திக்கொண்டு ஈபிஎஃப்2இன் வேலையைத் தடுக்கிறது, இலைவாய்கள் கூடுகின்றன. 2010இல் இந்தப் புரதத்தின் வேலை தெரியவந்தது. ஒரே வாங்கிக்கு இரண்டும் போட்டி போடுகின்றன என்பது 2015இல் வெளியானது.

“இதைப் படிச்சு வயிறு நிறையுமோ?” என்று தகப்பன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் குறைந்தால் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்துப் பங்கு போடுகிற ஊர் நம்முடையது. பயிர் உறிஞ்சுகிற தண்ணீரில் பெரும்பங்கு இந்த இலைவாய்களால்தான் ஆவியாகிப் போகிறது. 2019இல் பிரித்தானியாவின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகக் குழு ஐஆர்64 என்ற நெல்லில் ஈபிஎஃப்1 செய்தியைக் கூட்டி, இலைவாய்களைக் குறைத்த பயிரை வளர்த்துக் காட்டியது. வளர்ச்சியின் நாலாம் ஐந்தாம் கிழமைகளில் அதற்கு வழக்கமான தண்ணீரில் ஏறத்தாழ 60 வீதம் போதுமாக இருந்தது, காற்றில் காபனீரொட்சைட்டைக் கூட்டி வளர்த்தபோது வரட்சியையும் 40 பாகை வெப்பத்தையும் கூடிய நாள் தாங்கியது. அது பரம்பரையலகு மாற்றிய நெல், நாளைக்கே பூநகரியில் விதைக்கிற சாமான் இல்லை. இலைவாயைக் கண்டபடி குறைத்தால் காபனீரொட்சைட்டு உள்ளே போவதும் குறையும், இலையும் சூடேறும். அளவு பார்க்க வேண்டும், அதற்குத்தான் படித்த ஆள் வேண்டும். உவர் ஏறிய பூநகரி மண்ணில் நிற்கிற மொட்டைக்கறுப்பன் நெல்லின் இலையில் எத்தனை இலைவாய் என்று எண்ணுவதற்குக் கோடிக்கணக்கில் ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு பட்டப்படிப்பின் இறுதி வருட ஆய்வாகவே செய்யலாம்.

தாதியர், மருந்தாளர், ஆசிரியர், ஐ.ரி. பற்றி ஊரில் எவரும் சொல்லித் தருவார்கள், நான் விடுகிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். நாலு வருடம், கட்டணம் இல்லை, விவசாய உயிரியலுக்குத் தனித் துறையே உண்டு. வெட்டுப்புள்ளி மெடிசினைவிடக் குறைவு. உயிரியல் விஞ்ஞானம் கிடைத்தால் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் துறை, பேராதனையில் மூலக்கூற்று உயிரியல் துறை. பல்கலைக்கழகமே கிடைக்காவிட்டால் வவுனியா விவசாயக் கல்லூரி டிப்ளோமா இருக்கிறது, விவசாயப் போதனாசிரியர் வேலைக்குப் போகிற வழி அது.

பட்டம் எடுத்தவுடன் அரச நியமனம் கதவைத் தட்டாது. நியமனத்துக்காகத் தெருவில் இருந்த பட்டதாரிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே பிள்ளை முதல் வருடத்திலிருந்தே நல்ல வகுப்பில் பட்டம் எடுக்கிற மாதிரிப் படிக்க வேண்டும், புள்ளிவிபரவியலுக்குப் பயப்படக் கூடாது, ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை வாசித்துப் பழக வேண்டும். பிறகு ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் போன்ற புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணமும் மாதப் படியும் அவர்கள் தருவார்கள். வெளிநாடுதான் மாமாவின் ஆசை என்றால் அதற்கு இந்தப் பாதையில் வயலை ஈடு வைக்கத் தேவையில்லை.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடநெறிகளை எழுதும் ஒழுங்கு முக்கியம். மேலே எழுதியது கிடைத்தால் கீழே எழுதியதைக் கேட்க முடியாது. சொந்தக்காரர் சொன்ன பெயர்களை மேலே போட்டுவிட்டுப் பிள்ளை விரும்புவதை ஏழாவதாக எழுதாதீர்கள். அந்தப் படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

மாமா உண்மையாகவே உதவ நினைத்தால் ஒரு மடிக்கணினியும் ஆங்கில வகுப்புக் காசும் அனுப்பட்டும். அதற்கு மேல் இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம்.