தூக்குக் குண்டும் சிவனொளிபாதமலையும்

அன்புள்ள ஐயா,

மஸ்கெலியாவில் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். எல்லாத் திணிவும் ஒன்றையொன்று இழுக்குமென்றால், எங்கள் லயத்தில் சுவர் கட்டும் மேசன் பாஸின் தூக்குக் குண்டைச் சிவனொளிபாதமலை ஏன் இழுப்பதில்லை? ஈர்ப்பு என்பது விசையே அல்ல என்கிறாரே ஐன்ஸ்டீன், அப்படியானால் நியூட்டன் பிழையா?

— ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மலை இழுக்கத்தான் செய்கிறது. ஸ்கொட்லாந்தின் ஷிஹாலியன் மலைச்சரிவில் 1774இல் இதை அளந்தவர் நெவில் மாஸ்கெலின் என்ற வானியலாளர் (உங்கள் ஊருக்கும் அவருக்கும் ஒலி ஒற்றுமை தவிர வேறு உறவில்லை). தூக்குக் குண்டின் நூல் சாய்ந்தால் நீர்மட்டமும் அதே அளவு சாயும் என்பதால், சாய்வைக் காட்டிக்கொடுக்க நிலத்திலுள்ள எதுவும் உதவாது. ஆகவே அவர் மலையின் வடக்கிலும் தெற்கிலும் நின்று, நூல் காட்டிய வான் உச்சியை நட்சத்திரங்களோடு ஒப்பிட்டார். இரு புறச் சாய்வும் சேர்ந்து 11.6 விகலை. ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு. ஒரு புறத்துச் சாய்வுக்கு, 3 மீற்றர் நூலின் நுனி பத்திலொரு மில்லிமீற்றர்கூட நகராது. பாஸின் சுவருக்கு ஆபத்தில்லை.

அந்தச் சிறு சாய்விலிருந்துதான் பூமியின் சராசரி அடர்த்தி நீரினுடையதைப் போல் ஏறத்தாழ 4.5 மடங்கு என்று கணித்தார்கள். மலைப்பாறை அவ்வளவு அடர்த்தியானதல்ல. எனவே பூமியின் உட்பகுதி மேற்பரப்பைவிடக் கனமானது என்று தெரியவந்தது. இன்றைய மதிப்பு 5.5.

பாரமான பொருளே விரைவாக விழும் என்ற அரிஸ்டோட்டிலின் எண்ணத்தைக் கலிலியோ மறுத்தார். சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி, கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதையும் கண்டார். 1687இல் நியூட்டன் அதே வீழ்ச்சியைச் சந்திரனுக்கும் பொருத்தினார். சந்திரன் இருப்பது பூமியின் ஆரையைப் போல் 60 மடங்கு தொலைவில். அதன் ஆர்முடுகலும் இங்குள்ளதில் 3600இல், அதாவது 60இன் வர்க்கத்தில், ஒரு பங்குதான். பாடநூல்கள் ஆப்பிளுக்குக் கொடுக்கும் இடத்தை இந்தக் கணக்குக்குக் கொடுத்திருக்கலாம்.

புதன் கோளிடம் மட்டும் கணக்கு இடித்தது. ஏனைய கோள்களின் இழுவையையெல்லாம் கழித்த பின்னும், அதன் நீள்வட்டப் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை கூடுதலாகத் திரும்பியது. திணிவு தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைக்கிறது, பொருட்கள் அந்த வளைவின் வழியே செல்கின்றன என்று கொண்ட ஐன்ஸ்டீனின் 1915ஆம் ஆண்டுக் கொள்கையில், அந்த 43 விகலை தானாகவே வந்து விழுந்தது. ஈர்ப்பு வலுக்குன்றியும் வேகம் ஒளியினுடையதைவிட மிகக் குறைந்தும் இருக்கும் இடங்களில், அதே கொள்கை நியூட்டனின் சூத்திரத்தையே திருப்பித் தருகிறது. ஆகவே பரீட்சையில் நீங்கள் தயங்காமல் நியூட்டனை எழுதலாம்.

ஆனால் சிவனொளிபாதமலைக்கு அடுத்த முறை ஏறும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கிலோமீற்றர் உயரத்துக்கும், மேலே உள்ள கடிகாரம் கீழே உள்ளதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 நனோசெக்கன் (ஒரு நனோசெக்கன் என்பது செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கு) முந்தி ஓடும். இதை நியூட்டனின் சூத்திரத்திலிருந்து பெற முடியாது.