கரடி வேஷத்துக்கு ஃபைபர் முகமூடி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குலசை (குலசேகரப்பட்டினம்) தசராவுக்கு மாலை போட்டு, இந்த ஆண்டு கரடி வேஷம் கட்ட நேர்ந்திருக்கிறேன். முகமூடியை ஃபைபரில் (ரெசினில் ஊறி இறுகிய கண்ணாடி இழை) நானே செய்ய ஆசை. முகத்தில் துணியைப் போட்டு அதன் மேலேயே ரெசினைப் பூசி அச்சு எடுக்கலாம் என்கிறார்கள், சரியா? – வாசகர், திசையன்விளை

பதில்: எக்காரணம் கொண்டும் அப்படிச் செய்யாதீர்கள். பாலியெஸ்டர் ரெசின் என்ற திரவப் பிசின் இறுகும்போது தோலைப் புண்ணாக்கும் அளவுக்குச் சூடேறும்; அதிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி மூச்சை அடைக்கும்; அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம். துணி இவற்றில் எதையும் தடுக்காது.

முறையான வழி மோல்டு எடுப்பதுதான். காருகுறிச்சிப் பக்கம் பானை வனையக் கிடைக்கும் களிமண்ணைக் கல் நீக்கிப் பிசைந்து, கவிழ்த்த சட்டியின் மேல் கரடி முகத்தை உருவாக்குங்கள். உட்புறம் ஸ்பாஞ்சு ஒட்டவும் காற்றோட்டத்துக்கும் இடம் வேண்டும் என்பதால், உங்கள் முக அளவைவிடச் சுற்றிலும் ஒரு விரற்கடை கூடுதலாக இருக்கட்டும். நீண்ட மூக்கு நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போக வேண்டும். உள்வாங்கிய பள்ளம் எங்காவது இருந்தால் இறுகிய முகமூடி மோல்டைவிட்டு வெளிவராது. காதுகளைத் தனியாகச் செய்து பிறகு ஒட்டுவதே நல்லது.

களிமண் உருவத்தின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பூசி மோல்டு எடுத்தபின், அதைச் சில நாள் வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், ஏனெனில் ஈர பிளாஸ்டரின் மேல் ரெசின் சரியாக இறுகாது. காய்ந்த மோல்டின் உட்புறம் ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) பூசி, வேக்ஸ் தேய்த்து மினுக்கி, அதன் மேல், முகமூடி ஒட்டாமல் பிரிய உதவும் பி.வி.ஏ. திரவத்தைத் தடவி உலரவிட்ட பிறகே ஜெல் கோட்டுக்கு (முகமூடியின் வெளிப்பரப்பாக அமையும் முதல் ரெசின் பூச்சு) போக வேண்டும்.

ஜெல் கோட் விரலில் ஒட்டாமல், ஆனால் பிசுக்கென்று இருக்கும் பதத்தில் 300 கிராம் மேட்டை (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை விரிப்பு) வையுங்கள். கத்தரியால் வெட்டாமல் உள்ளங்கை அளவுக்குக் கையால் பிய்த்து வைத்தால் ஓரங்கள் ஒன்றோடொன்று படிந்துவிடும். பிரஷை இழுக்காமல் குத்திக் குத்தி ரெசினை இறக்கினால் உள்ளே காற்று தங்காது. இரண்டு அடுக்கு போதும். கனத்த முகமூடியைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடக்க முடியாது.

நூறு கிராம் ரெசினுக்கு ஹார்டனர் ஒன்று முதல் இரண்டு கிராம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிராமே போதும், அதுவும் காலை வேளையில். மொத்தத்தையும் ஒரே டப்பாவில் கலந்தால் மோல்டுக்கு வருமுன்பே டப்பாவிலேயே புகைந்து கட்டியாகிவிடும். நூறு கிராம் வீதம் கலந்துகொள்ளுங்கள். ரெசினில் கோபால்ட் (இறுகுவதை விரைவுபடுத்தும் திரவம்) ஏற்கெனவே சேர்த்திருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். இல்லையென்றால் கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். கோபால்டும் ஹார்டனரும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும்.

வேலையைத் திறந்த வெளியில், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து செய்யுங்கள். ஆவிக்குக் கார்ட்ரிட்ஜ் (ஆவியை உறிஞ்சும் வடிகட்டி) பொருத்திய மாஸ்க் தேவை. சாதாரண மாஸ்க் பயன்படாது. ஓரங்களைத் தேய்க்கும்போது வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் கண்ணாடி இழைத் தூசி பறக்காது.

கேள்வி: ஃபைபர் முகமூடி செய்து பல நாளாகியும் உட்புறம் பிசுபிசுப்பும் நாற்றமும் போகவில்லை. அணியலாமா? – வாசகி, உடன்குடி

பதில்: இப்போது வேண்டாம். காற்றுப் படும் பக்கம் ரெசின் முழுதாக இறுகாமல் நிற்பது வழக்கம். கையுறை அணிந்து, அசிட்டோன் நனைத்த துணியால் அந்தப் பிசுக்கைத் துடைத்து, சில நாள் நல்ல வெயிலில் வையுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழாமலும் நாற்றம் இல்லாமலும் ஆனபிறகு, இழை குத்தாதபடி உட்புறம் முழுவதும் ஸ்பாஞ்சும் பருத்தித் துணியும் ஒட்டுங்கள். அப்போதும் நகத்தடம் விழுந்தால் ஹார்டனர் குறைவாகக் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த முகமூடியைக் கழித்துவிடுங்கள். இறுகிய ஃபைபரும் தீப்பற்றும் என்பதால், தீச்சட்டி ஏந்தும் நேரத்தில் முகமூடியைக் கழற்றி உடன் வருபவரிடம் கொடுத்துவிடுங்கள்.