கலையாத அலை உண்டா?

கேள்வி: நிலாவெளிக் கரையில் அலையெல்லாம் உடைந்து போகிறது. கலையாமல் ஓடும் ‘சொலிட்டன்’ அலை இருக்கிறதாம், கெம்பஸில் படிக்கும் மகள் சொல்கிறாள். உண்மையா ஐயா?
– வாசகி, உப்புவெளி

பதில்: உண்மைதான் அம்மா. 1834இல் எடின்பரோ அருகே ஒரு கால்வாயில் படகு சட்டென்று நிற்க, அதன் முன்னால் திரண்ட ஒற்றை நீர்மேடு குலையாமல் ஓட, ஸ்கொட் ரசல் என்ற பொறியியலாளர் குதிரையில் ஒன்றிரண்டு மைல் துரத்திப் போய்ப் பார்த்தார். ஓர் அலைக்குள் பல நீளமுள்ள சிற்றலைகள் கலந்திருக்கும், ஒவ்வொன்றும் தன் வேகத்தில் போவதால் அது பரந்து கரையப் பார்க்கும். உயர்ந்த பகுதியோ வேகமாக ஓடி முன்பக்கத்தைச் செங்குத்தாக்கும். இரண்டும் சரிக்குச் சரி நின்றால் சொலிட்டன். அதற்கான சமன்பாட்டை கோர்ட்டவெக், டி விரீஸ் என்ற கணிதவியலாளர்கள் 1895இல் எழுதினார்கள். உயரமான சொலிட்டன் குட்டையானதை எட்டிப் பிடித்து மோதினாலும் இரண்டும் பழைய வடிவத்திலேயே பிரியும், இடம் மட்டும் சற்று விலகியிருக்கும். எனக்கு இன்றும் சிலிர்ப்பது இதுதான்.

அப்புறம், அலைகள் வரிசையாக வந்து, உயரமும் நீளமும் மெல்ல மாறினால்? முகடு முகடாகக் கணிக்காமல் அவற்றின் சராசரிகள் நகர்வதைப் பார்க்கலாம் என்று விதம் (Whitham) என்ற கணிதவியலாளர் 1965இல் காட்டினார். பண்பேற்றக் கோட்பாடு அது.

நெடுந்தூரம் ஓடும் அலைக் கதையில் உங்கள் ஊருக்கும் பங்குண்டு. அந்தமான் கடலில் வற்றுப்பெருக்கால் நீருக்கடியில் எழும் உள்ளலைகள் வங்காள விரிகுடாவைக் கடந்து, சுமார் ஒரு வாரத்தில் திருகோணமலைத் துறைமுக நீர்மட்டத்தை ஆட்டுகின்றன.