பக்கத்துத் தெரு சொலிசிட்டரா, தூரத்து சொலிசிட்டரா? வீடு வாங்குவோர் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. வீடு பார்த்தாயிற்று, விலையும் பேசியாயிற்று, இனி வீடு கைமாறும் சட்ட வேலையைப் பார்க்க எந்த சொலிசிட்டரைப் பிடிப்பது? கீழே உள்ள பதில்கள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்தில் வீடு வாங்கும் முறையே வேறு. வேல்ஸில், வீடு வாங்கும்போது கட்டும் வரியான ஸ்டாம்ப் டியூட்டிக்குப் பதிலாக அவர்களுடைய சொந்த வரி இருக்கிறது.

"எங்கள் சொலிசிட்டரை வைத்தால்தான் வேலை சீக்கிரம் முடியும் என்கிறார் எஸ்டேட் ஏஜென்ட். மறுத்தால் வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது." – ஈஸ்ட் ஹாம் வாசகி

பயப்பட வேண்டாம். ஏஜென்ட் சொல்லும் சொலிசிட்டரைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஏஜென்ட் வேலை செய்வது விற்பவருக்காக, உங்களுக்காக அல்ல. அவர் ஒரு பெயரைச் சொல்கிறார் என்றால், பெரும்பாலும் அந்த அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு தொகை போகிறது. அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை, ஆனால் உங்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "உங்களுக்கு எவ்வளவு கிடைக்கிறது?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்டதும் வரும் மௌனமே பல நேரம் போதுமான பதில்.

ஏஜென்ட் சொல்பவர்கள் எல்லாரும் மோசம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெயரையும் வைத்துக்கொண்டு, வேறு இரண்டு இடங்களில் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.

"நான் மில்டன் கீன்ஸில் இருக்கிறேன். வாங்கும் வீடு டர்ஹாம் பக்கம். சொலிசிட்டர் எந்த ஊரில் இருக்க வேண்டும்? ஆன்லைனில் மட்டும் நடக்கும் நிறுவனங்களை நம்பலாமா?" – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

உங்கள் சொலிசிட்டர் அந்த வீட்டை நேரில் பார்க்கப் போவதே இல்லை. கவுன்சில் தேடல் (வீட்டைப் பற்றிக் கவுன்சில் பதிவுகளில் என்ன இருக்கிறது என்ற விசாரணை), தண்ணீர், சாக்கடை இணைப்புத் தேடல், சுற்றுச்சூழல் அறிக்கை எல்லாம் கணினி வழியாகவே வருகின்றன. நில உரிமைப் பதிவேட்டின் நகலை நீங்களே 7 பவுண்டு கட்டி இணையத்தில் எடுத்துவிடலாம். ஆகவே தூரம் பெரிய தடை இல்லை.

ஆனால் உள்ளூர் அனுபவம் என்பது வேறு. டர்ஹாம் பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கே சுரங்கத் தேடல் எடுக்காமல் யாரும் வீடு வாங்க மாட்டார்கள். கார்ன்வாலில் தகரச் சுரங்கம், செஷயரில் உப்பு எடுத்ததால் மண் இறங்கிய பகுதிகள் என்று ஊருக்கு ஒரு சங்கதி இருக்கிறது. அந்த வட்டாரத்திலேயே வேலை பார்ப்பவர், வந்த அறிக்கையைப் பார்த்ததும் எது வழக்கமான வரி, எது கவலைப்பட வேண்டிய வரி என்று சொல்லிவிடுவார். புதிதாகப் பார்ப்பவரும் தேடலை எடுப்பார். அதைப் படித்துப் பொருள் சொல்வதில்தான் வித்தியாசம் தெரியும்.

என்னைக் கேட்டால், ஊரைவிட முக்கியம் ஒன்று உண்டு: உங்கள் கோப்பு யார் கையில் இருக்கும்? விலை சொல்லும்போது ஒருவர் இனிமையாகப் பேசுவார். கையெழுத்துப் போட்ட பிறகு கோப்பு வேறொருவருக்குப் போகும், அவர் விடுமுறைக்குப் போனால் மூன்றாமவருக்கு. எனவே முதல் போனிலேயே கேளுங்கள். என் வேலையைப் பார்க்கப்போகிறவர் பெயர் என்ன? அவர் சொலிசிட்டரா, வீடு கைமாறும் வேலைக்கென்றே உரிமம் பெற்ற கன்வேயன்சரா, இல்லை இரண்டும் இல்லாமல் மேற்பார்வையில் வேலை செய்பவரா? அவரோடு நேரடியாகப் போனில் பேச முடியுமா, அல்லது இணையப் பக்கத்தில் செய்தி போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? அவர் இல்லாத நாளில் யார் பார்ப்பார்கள்? இதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் வந்தால், அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. உங்களுக்குக் கடன் தரும் வங்கி ஏற்கும் அலுவலகங்களின் பட்டியலில் அந்த அலுவலகம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சில வங்கிகள் ஒரே ஒருவர் நடத்தும் சிறு அலுவலகங்களைச் சேர்ப்பதில்லை. பட்டியலில் இல்லாவிட்டால் வங்கி தனக்கென்று வேறு சொலிசிட்டரை வைக்கும். செலவும் நாளும் கூடும்.

"தமிழ் பேசும் சொலிசிட்டர் என்றால் நல்லதுதானே? மாமா ஒருவரைச் சொல்கிறார்." – ஹாரோ வாசகர்

லீஸ்ஹோல்ட் ஃபிளாட் (நிலம் வேறொருவருடையது, நமக்குக் குறிப்பிட்ட வருட உரிமை மட்டும்) வாங்குகிறவருக்கு, நூறு பக்க லீஸைத் தமிழில் விளக்க ஒருவர் கிடைத்தால் அது பெரிய உதவி. அப்பா அம்மாவும் சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது. ஆனால் மொழியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எஸ்.ஆர்.ஏ. என்ற, சொலிசிட்டர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் அந்த அலுவலகத்தின் பெயரையும் வக்கீலின் பெயரையும் தேடிப் பாருங்கள். கன்வேயன்சர் என்றால், அவர்களுக்கான ஒழுங்குமுறை அமைப்பான சி.எல்.சி.யின் பட்டியலில் இருப்பார். அப்புறம், அவர் தினமும் செய்வது வீட்டு வேலையா, குடிவரவு வழக்கா என்றும் மாமாவிடம் கேளுங்கள். விசாவை அருமையாக முடித்துக் கொடுத்தவர் வீட்டையும் அப்படியே முடிப்பார் என்று சொல்ல முடியாது.

"ஒருவர் 550 பவுண்டு என்கிறார், இன்னொருவர் 1,250 என்கிறார். ஒரே வேலைக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?" – ரெடிங் வாசகர்

ஒரே வேலைதானா என்பதை முதலில் பாருங்கள். 2018 டிசம்பரிலிருந்து எஸ்.ஆர்.ஏ.வின் கீழ் உள்ள அலுவலகங்கள் வீட்டு வேலைக்கான கட்டண விவரத்தை வெளியிட வேண்டும். 550-க்குக் கீழே சின்ன எழுத்தில் லீஸ்ஹோல்டுக்குத் தனி, மோர்ட்கேஜ் வேலைக்குத் தனி, பரிசுப் பணத்துக்குத் தனி, ஸ்டாம்ப் டியூட்டி படிவத்துக்குத் தனி, பணம் அனுப்பத் தனி என்று வரிசை கட்டி நிற்கும். அதற்கு மேல் 20 சதவீதம் வாட். "என் வீட்டுக்கு, கடைசி பென்ஸ் வரை எவ்வளவு ஆகும்?" என்று எழுத்தில் வாங்குங்கள். வாங்குவது பாதியில் நின்றுபோனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

"டெபாசிட்டில் 18,000 பவுண்டு சீட்டுக் காசு. இன்னொரு பகுதி ஊரிலிருந்து அப்பா அனுப்புவது. சொலிசிட்டரிடம் எப்போது சொல்ல வேண்டும்?" – வெம்பிளி வாசகி

முதல் நாளே. எக்ஸ்சேஞ்சுக்கு (இரு தரப்பும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டு பின்வாங்க முடியாதபடி உறுதி செய்யும் நாள்) ஒரு வாரம் முன் சொன்னால் எல்லாம் நின்றுபோகும்.

பணமோசடித் தடுப்பு விதிகளின்படி காசு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது சொலிசிட்டரின் கடமை. உங்கள்மேல் சந்தேகப்பட்டு அல்ல, எல்லாரிடமும் கேட்பார்கள். சீட்டு என்றால் என்ன என்று ஓர் ஆங்கிலேய வக்கீலுக்குப் புரிய வைப்பதே ஒரு கலை. இருபது பேர் மாதாமாதம் கட்டுகிறார்கள், ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுக்கிறார் என்று ஒரு பக்கத்தில் எழுதி, நீங்கள் மாதாமாதம் கட்டியது வங்கிக் கணக்கில் தெரிந்தால் அதையும், சீட்டு நடத்துபவரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். சீட்டை முன்னதாகவே எடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருந்தால் அது கிட்டத்தட்ட கடன். அதை வங்கியிடம் மறைக்கக் கூடாது. கட்டியதும் எடுத்ததும் எல்லாம் கையில் ரொக்கம் என்றால் உண்மையைச் சொல்கிறேன், பல அலுவலகங்கள் அந்தக் காசை ஏற்காது. எடுத்த பிறகு கணக்கில் போட்டு ஆறு மாதம் வைத்திருந்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். அப்படி ஒரு விதியே கிடையாது.

அப்பா அனுப்பும் பணத்துக்கு அவருடைய அடையாளச் சான்று, அவருடைய வங்கிக் கணக்கு விவரம், அது பரிசுதான், திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் தனக்குப் பங்கு கேட்க மாட்டேன் என்ற கடிதம், மூன்றும் வேண்டும். அவர் இந்தியாவில் வசிப்பவர் என்றால் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரைதான் வெளியே அனுப்ப முடியும். நிலம் விற்ற காசு என்றால் அந்த விற்பனைப் பத்திரத்தையும் கேட்பார்கள். தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

"இங்கே இதுதான் எங்களுக்கு முதல் வீடு, விலை 4,50,000. தஞ்சாவூரில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. அவர் ஐந்து வருடத்துக்கு முன் காலமானார், பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான். ஸ்டாம்ப் டியூட்டியில் முதல் வீட்டுச் சலுகை உண்டா?" – ஸ்லவ் வாசகர்

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். "இங்கே" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். சலுகை கிடைக்க, வாங்குபவர் உலகில் எங்கேயும் ஒரு வீட்டில் பங்கு வைத்திருந்திருக்கக் கூடாது. வாரிசாக வந்த பங்கும் கணக்கில் சேரும். இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருக்குமே அது பொருந்த வேண்டும்.

உயில் எழுதாமல் அப்பா இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு வந்துவிடும். பத்திரத்தில் பெயர் மாறாதது அதைத் தடுக்காது. அம்மா, நீங்கள், தங்கை என்று மூன்று பேர் என்றால் உங்களுக்கு மூன்றில் ஒன்று. அந்த நிலையில் சலுகை பெரும்பாலும் போய்விடும்.

எண்ணில் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, 4,50,000-க்கு முதல் வீட்டுச் சலுகையோடு 7,500 பவுண்டு. சலுகை இல்லாவிட்டால் 12,500. கூடுதல் வீடு என்று கணக்கானால் முழு விலைக்கும் 5 சதவீதம் சேர்ந்து 35,000.

அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் கூடுதல் வரி வராது. தஞ்சாவூர் வீடு 90 லட்சம் என்றால் உங்கள் பங்கு 30 லட்சம். ஒரு பவுண்டு 110 ரூபாய் என்று வைத்தாலும் சுமார் 27,000 பவுண்டுதான். (அப்பா இறந்து மூன்று வருடத்துக்குள் என்றால், பாதிக்கு மிகாத வாரிசுப் பங்கை எப்படியும் விட்டுவிடுவார்கள். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது.) ஆகவே நீங்கள் நிற்பது பெரும்பாலும் 12,500-ல்.

மனைவிக்கு எங்கேயும் எந்தப் பங்கும் இல்லையென்றால், அவர் பெயரில் மட்டும் வாங்கி 7,500-ல் முடிக்கலாமே என்று தோன்றும். அதற்கு இடம் உண்டு. ஆனால் அவர் சம்பளத்துக்கு மட்டும் வங்கி அவ்வளவு கடன் தருமா? 5,000 பவுண்டுக்காக வீட்டுரிமையை ஒருவர் பெயரில் மட்டும் வைக்க இருவருக்கும் சம்மதமா? அதை நீங்கள்தான் பேசிக்கொள்ள வேண்டும். ஊரில் இருப்பது வீடில்லாத காலி மனையோ வயலோ என்றால் இந்தச் சிக்கலே இல்லை.

சொலிசிட்டரின் படிவத்தில் "முன்பு வீடு வைத்திருந்தீர்களா?" என்று ஒரு கட்டம் இருக்கும். நீங்கள் "இல்லை" என்று டிக் செய்வீர்கள், கதை முடிந்தது. போனில் கூப்பிட்டு "ஊரில் அப்பா அம்மா வீடு யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்பவர் கிடைத்தால் விடாதீர்கள். கேட்காவிட்டால் நீங்களே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். படிவத்தை நிரப்புவது அவர் என்றாலும் அதிலுள்ள தகவலுக்குப் பொறுப்பு நீங்கள்.

"மாடியில் அறை கட்டியிருக்கிறார்கள், கவுன்சில் சான்றிதழ் இல்லை. கவுன்சிலுக்குப் போன் செய்து கேட்கட்டுமா?" – இல்ஃபோர்ட் வாசகர்

கையைப் போனிலிருந்து எடுங்கள். இப்படிப்பட்ட இடத்தில் விற்பவர் செலவில் ஒரு இன்சூரன்ஸ் எடுப்பது வழக்கம். கவுன்சிலிடம் யாராவது விஷயத்தைச் சொல்லிவிட்டால் அந்த இன்சூரன்ஸ் கிடைக்காது. முதலில் சொலிசிட்டரிடம் பேசுங்கள். ஆனால் அந்த இன்சூரன்ஸ் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் வரும் செலவுக்குத்தான். தளம் பலமாக இருக்கிறதா, தீப்பிடித்தால் இறங்க வழி இருக்கிறதா என்பதற்கு அல்ல. அதைப் பார்க்க ஒரு சர்வேயர் வேண்டும்.

"விற்பவர் தெரிந்தவர்தான். இருவருக்கும் ஒரே சொலிசிட்டர் போதாதா?" – குராய்டன் வாசகி

போதாது. நலன்கள் மோதும் என்பதால் பெரும்பாலான அலுவலகங்கள் ஒத்துக்கொள்ளவும் மாட்டா.

"வெள்ளிக்கிழமை மதியம் சொலிசிட்டரிடமிருந்து மின்னஞ்சல், வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாம்." – லூட்டன் வாசகர்

அனுப்பாதீர்கள். மோசடிக்காரர்களின் பழைய வழி இது. முதல் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்து, தெரிந்த குரலிடம் கேளுங்கள். சரியான கணக்குக்கும் முதலில் ஒரு பவுண்டு அனுப்பி, வந்துவிட்டது என்று கேட்ட பிறகு மீதியை அனுப்புங்கள்.

"மூன்று வாரமாகப் பதிலே இல்லை. சொலிசிட்டரை மாற்றிவிடலாமா?" – லெஸ்டர் வாசகி

மாற்றலாம். ஆனால் இதுவரை செய்த வேலைக்குப் பணம் கட்ட வேண்டும், புதியவர் அடையாளச் சோதனையிலிருந்து தொடங்குவார். அதற்கு முன், அந்த அலுவலகத்தில் புகார்களைக் கவனிப்பவர் யார் என்று பார்த்து அவருக்கு எழுதுங்கள். அந்தக் கடிதம் போன மறுநாளே கோப்பு நகர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எட்டு வாரத்தில் தீர்வு வராவிட்டால் வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. தாமதத்துக்குக் காரணம் உங்கள் சொலிசிட்டரா, விற்பவரின் சொலிசிட்டரா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். லீஸ்ஹோல்ட் என்றால் பல நேரம் இருவருமே இல்லை, கட்டடத்தைப் பராமரிக்கும் கம்பெனி காகிதம் தராமல் உட்கார்ந்திருக்கும்.